மிஞ்சிய சீட்டு

நான் எம்.பி.ஏ. படித்த கல்லூரி சென்னையில், முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடம். ஒன்பது மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் பேராசிரியர் கதவைச் சாத்திவிடுவார். அனுப்பம்பட்டில் சிக்னலுக்காக ரயில் நின்ற நாளெல்லாம் நான் வராந்தாவில்தான் பாடம் கேட்டேன். கூடப் படித்தவர்களுக்கு எங்கள் ஊரான பழவேற்காடு என்றால் டச்சுக்காரன் கல்லறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்க வந்து, வெயில் தாங்காமல் பதினோரு மணிக்கே ஓடிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு எரிச்சலும் உண்டு, அவர்களைப் போல ஆகிவிட வேண்டும் என்ற வெறியும் உண்டு. மறைப்பானேன்?

இரண்டாம் வருடக் கடைசியில் ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. எழுத்துத் தேர்வையும் குழு விவாதத்தையும் தாண்டிவிட்டேன். நேர்காணல் ஒன்றுதான் பாக்கி, காலை பத்தரைக்கு. அன்றைக்கே விடியலில் எங்கள் குப்பத்தில் சீட்டுக் குலுக்கல்.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்துப் பக்கம் வலை நிறையும். சேற்றுப் பக்கம் போனால் வலையைக் கழுவத்தான் நேரம் சரியாக இருக்கும். அதனால் யார் எங்கே வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். அதற்குப் பாடு என்று பெயர். வீட்டுக்கு ஒரு ஆண் வந்து தன் கையால் எடுக்க வேண்டும். எல்லா வீடும் வந்து சேராமல் சீட்டுப் பானையைத் தொடமாட்டார்கள். திருக்கை முள் குத்தி நைனாவின் கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்ததால், அந்த முறை எங்கள் வீட்டுக்கு நான்தான் போக வேண்டியிருந்தது.

"ஆறு மணிக்கு முடிஞ்சிடும்டா. ஏழு மணி பஸ்ஸைப் புடிச்சா போதும்" என்றார் நைனா.

ஆறரை ஆயிற்று. பதினேழு வீடு வந்துவிட்டது, ஒரு வீடு வரவில்லை. எனக்கு அண்ணன் முறை ஆகிறவர் அவர். வலி கண்ட மனைவியை முந்தின நாள் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே தங்கியிருந்தார். "பஸ் ஏறிட்டேன், வந்துனே கீறேன்" என்று போனில் சொன்னாராம். நான் இஸ்திரி போட்ட சட்டையும் டையும் ஷூவுமாக மணலில் நிற்கிறேன். காலர் வியர்வையில் ஊறுகிறது. பஸ்ஸை விட்டால் ரயில் போச்சு, ரயில் போனால் வேலை போச்சு. கிளம்பிவிடலாம் என்றால், நான் திரும்பி வரும்வரை ஊரில் ஒரு வலையும் ஏரியில் இறங்காது.

ஆறே முக்காலுக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

"தலைவரே, ஆரம்பிங்க. அண்ணனுக்கு மிஞ்சுற சீட்டைக் குடுத்துடலாம்" என்றேன்.

"இன்னா பேசுற நீ? தன் கையால எடுத்தாதான்டா மனசு ஆறும்" என்றார் ஊர்த் தலைவர்.

நான் விடவில்லை. வகுப்பில் புள்ளியியல் படித்த திமிர். குச்சியை எடுத்து மணலில் கட்டம் போட்டேன். முதலில் எடுத்தாலும் சரி, கடைசியில் எடுத்தாலும் சரி, நல்ல இடம் விழுகிற வாய்ப்பு ஒன்றுதான், இம்மி குறையாது என்று விளக்கினேன். கணக்கு சரியான கணக்கு. இன்றைக்கும் அதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. "ஒருத்தருக்காக ஊரே குந்தினு கெடக்கணுமா?" என்று கூடவே ஒரு போடும் போட்டேன்.

"படிச்ச புள்ள சொல்லுது, உடுங்க" என்றார் பின்னால் இருந்த ஒருவர். இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பானையைக் குலுக்கினார்.

எனக்கு முகத்துவாரத்தை ஒட்டிய இடம் விழுந்தது. கடைசியில் பானையின் அடியில் கிடந்த சீட்டைத் தலைவரே எடுத்துப் பிரித்தார். சேற்றுப் பக்கம். ஐயோ என்றிருந்தது. ஆனாலும் நிற்கவில்லை, பஸ்ஸுக்கு ஓடினேன். நான் ஏறப்போகும்போது எதிரே வந்து நின்ற பஸ்ஸிலிருந்து அண்ணன் அவசரமாக இறங்கிக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிட்டேன்.

நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். தயங்கி நின்ற ஒரு கூட்டத்தை முடிவெடுக்க வைத்த அனுபவம் உண்டா என்று நடுவில் இருந்த அம்மா கேட்டார். கல்லூரி விழாவுக்கு விளம்பரதாரர் பிடித்த கதையை இதற்கென்றே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. காலையில் நடந்ததைச் சொன்னேன். மணலில் போட்ட கட்டத்தை, காலங்காலமான வழக்கத்தைப் பத்தே நிமிடத்தில் நான் மாற்றிவிட்டதை, எல்லாம் நகைச்சுவையோடு சொன்னேன். அண்ணனின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்ததை மட்டும் விட்டுவிட்டேன். "பிரமாதம்" என்றார் அந்த அம்மா. மூன்று பேரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டு நானும் சிரித்தேன். மதியம் ஒட்டிய பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், நைனாவின் காலைப் பார்க்க வந்திருந்த அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் தேவலை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லி என் கையில் சர்க்கரை அள்ளிப் போட்டார்.

"வேல கெடச்சுதாடா?"

"கெடச்சுதுண்ணா."

"சந்தோசம்டா. உள்ள இன்னா கேட்டாங்கோ?"

சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்லண்ணா" என்றேன்.