அண்ணன் நம்பாத மண்டையோடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனை மனதில் வைத்து, போன வருஷம் எங்களை விட்டுப் போன அண்ணனைப் பற்றி எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது கொட்டகலைக்கு மேலே, நாங்கள் இப்போதும் குடியிருக்கும் இதே லயத்து வரிசை வீட்டில். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். தூள் சலித்து, பெட்டி கட்டி, எங்களையெல்லாம் ஆளாக்கினார்.

அவர் யாரையும் லேசில் நம்ப மாட்டார். கெட்ட எண்ணமில்லை, சுபாவம். கற்பூரத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாமிக்கு ஏற்றுவார். ஹட்டன் என்று பலகை போட்ட பஸ்ஸிலும் கண்டக்டரிடம் கேட்டு ஏறி, உட்கார்ந்த பிறகு பக்கத்து ஆளிடமும் கேட்பார். கூட வேலை செய்தவர்கள் அவரை “சி.ஐ.டி.” என்பார்கள். மகள் தர்ஷினிக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது லயமே வெடி கொளுத்தியது. இவர் மட்டும், “வேற யாரோட ரிசல்ட்டாச்சும் மாறி வந்திருக்கப் போவுது, நம்பரப் பாரு புள்ள” என்றார்.

முதலாம் வருடத்துக்கான உடற்கூற்றியல் புத்தகங்களைப் புதிதாக வாங்க எங்களுக்கு வழியில்லை. மருத்துவக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. மேல் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் படித்ததைப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் படித்து முடித்து அடுத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு சிங்களப் பிள்ளை தர்ஷினிக்குப் புத்தகங்களையும் ஒரு பெட்டியையும் கொடுத்தது. பெட்டிக்குள் மண்டையோடும் கை கால் எலும்புகளும். தொட்டுப் பார்த்துத்தான் படிக்க வேண்டுமாம்.

அண்ணன் விடுவாரா? “சும்மா யாரு குடுப்பா? அந்தப் புள்ளைக்கு அண்ணன் தம்பி யாராச்சும் இருக்கானா?”

“ஒரு தங்கச்சிதாம்ப்பா.”

கிழிந்த பக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். உள்ளே இருந்த படங்களைப் பார்த்து முகம் சுளித்தார். கடைசியில் சாமி படம் இல்லாத கலண்டர் தாளாகத் தேடி அட்டை போட்டுக் கொடுத்தார். புத்தகம் தப்பித்தது. பெட்டிதான் மாட்டிக்கொண்டது.

அது திருவிழாக் காலம். அமாவாசை கழித்துக் காப்புக் கட்ட வேண்டும். தர்ஷினிக்கோ லீவு முடிந்ததும் பெரிய பரீட்சை. தவறினால் திரும்ப எழுத வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் முன்னே போய்விடுவார்கள். “செத்தவங்க எலும்ப வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்புடிக் காப்புக் கட்டுவேன்?” என்று அண்ணன் பெட்டியை விறகுக் கொட்டகையில் வைத்துவிட்டார்.

“அது பிளாஸ்டிக்கு அப்பா. இங்க பாருங்க, ஒட்டுன கோடு. கீழ கம்பெனிப் பேருகூட இருக்கு.”

“எழுதிட்டா ஆச்சா? நான் கட்டுன பொட்டியிலயும்தான் ஒண்ணாந்தரம்னு எழுதியிருந்துச்சு. உள்ள என்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? பிளாஸ்டிக்குக்குப் பல்லு இப்புடியா இருக்கும்?”

பிள்ளை அந்தக் கொட்டகையிலேயே, சாரல் அடிக்க அடிக்க, சாக்கைப் போர்த்திக்கொண்டு படித்தது. இரண்டாம் நாள் இருமல் வந்தது. அண்ணிக்குப் பொறுக்கவில்லை. “ஏங்க, பொம்பளப் புள்ள வெறகோட வெறகா நனையுது. நீங்க உள்ள ஒக்காந்து தேவாரம் பாடுறீங்களோ? ஆத்தா காதுல ஏறுமா அது?”

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பூசாரி கேட்டுவிட்டுச் சிரித்தார். “சந்தேகம்னா காரியம் செஞ்சிரு. செஞ்சதுக்கப்புறம் என்னா தீட்டு?”

அந்த அமாவாசையில் அண்ணன் ஆற்றில் குளித்து, எள்ளும் சோறும் உருட்டி, பெயர் தெரியாத அந்த ஆத்மாவுக்கு வைத்தார். வீட்டுக்கு வந்து பெட்டிக்குத் திருநீறு பூசி, தானே தூக்கி வந்து மகள் படுக்கிற இடத்தில் வைத்தார். “இப்பப் படி” என்றார். தர்ஷினி பரீட்சையில் தேறினாள். அதற்குப் பிறகும் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு ஓர் உருண்டை, அதற்கு ஓர் உருண்டை என்று வைத்துத்தான் வந்தார்.

தேயிலைத் தூசி அவர் நெஞ்சைப் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் அவர் மாறவில்லை. நேர்ஸ் கொடுத்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தர்ஷினி போனில் “முழுங்குங்கப்பா” என்று சொன்ன பிறகுதான் விழுங்கினார். மகள் பக்கத்தில் இருக்கும்போதே அமைதியாக அடங்கினார்.

கருமாதி அன்று ஆற்றங்கரையில் தர்ஷினி என்னிடம் வந்தாள். “சித்தப்பா, இன்னொரு உருண்டை வைங்க.”

“அது பிளாஸ்டிக்குன்னு நீதானம்மா சொன்ன?”

“பிளாஸ்டிக்குதான் சித்தப்பா. ஆனா அப்பா கேட்டா நான் என்னா சொல்றது?”

வைத்தேன்.

அண்ணனைத் தூக்கிய லயத்துப் பிள்ளைகளுக்கும், சமைத்துப் போட்ட அக்காமார்களுக்கும், வேலையை விட்டு வந்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும், புத்தகமும் பெட்டியும் கொடுத்த அந்தச் சிங்களப் பிள்ளைக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

பெட்டி இப்போது இறம்பொடைப் பக்கத்தில் முதலாம் வருடம் படிக்கும் ஒரு பிள்ளையிடம் இருக்கிறது. அந்த வீட்டாரையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஆடி அமாவாசைக்கு ஓர் உருண்டை சோறு வைத்துவிடுங்கள். வைத்தீர்களா என்று பார்க்க அண்ணன் வந்தாலும் வருவார். சொன்னால் நம்புகிற ஆள் இல்லை அவர்.