நானூறு மிதி

தையல் இயந்திரத்தின் 'கடக் கடக்' சத்தம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மலேசியாவில், கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்து வீட்டின் முன் அறையில், நூல் சுற்றும் சின்னச் சக்கரத்தில் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஏற்றிவிட்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே மிதித்துக்கொண்டிருப்பார் அம்மா. பசித்தாலும் கூப்பிடக் கூடாது, தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். எண்ணிக்கை தவறினால் எல்லாம் பாழ்.

அப்பா தோட்டத்துப் பட்டறையில் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் ரப்பர் மரப் பலகையை அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்து மின்சாரக் கித்தார் செய்வார். நல்ல கைத்திறன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெறும் பலகை பாடாது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் அடியில் இருக்கும் 'பிக்கப்' என்ற காந்தச் சுருள். அந்தச் சுருளை அப்பா சுற்றினால் பாதியிலேயே கம்பி அறுந்துவிடும். ஒரு மிதிக்கு இருபது சுற்று, நானூறு மிதிக்கு எட்டாயிரம் என்று கணக்குப் போட்டுத் தையல் இயந்திரத்திலேயே சுற்றிக் காட்டியவர், ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்ட அம்மா. பத்து மிதிக்கு ஒரு 'புளியங்கொட்டை'யைக் கிண்ணத்தில் போடுவது என் வேலை. நாற்பது கொட்டை விழுந்தால் ஒரு சுருள்.

ஒருநாள் பாசிர் பெனம்பாங்கிலிருந்து கல்யாண பேண்டுக்காரர்கள் கித்தார் வாங்க வந்திருந்தார்கள். முப்பத்தெட்டாவது கொட்டை என் கையில் இருந்தது. "சரசு, தேத்தண்ணி எங்க?" என்று அப்பா வாசலிலிருந்து கத்த, அம்மாவின் கால் திடுக்கிட்டு, கம்பி அறுந்தது. அப்பா உள்ளே வந்து பார்த்தார். "ஒரு கம்பிய ஒழுங்கா சுத்தத் தெரியல, என்னா பொம்பள நீ?" என்று வந்தவர்கள் முன்னாலேயே கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். அம்மா தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கித்தாரின் தலையில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கும். குவாலா சிலாங்கூர் வரை கோயில் திருவிழாக்களில் அந்தக் கித்தாரின் சத்தத்தைத்தான் புகழ்ந்தார்கள். மரத்தை யாரும் புகழவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், பள்ளியில் நானும் "எங்கப்பா செஞ்சது" என்றே பீற்றிக்கொண்டேன்.

கம்பெனி தோட்டத்தை விற்றதும் நாங்கள் புக்கிட் பெருந்துங்குக்கு வந்தோம். போன மாதம் ராவாங்கிலிருந்து ஒரு தம்பி, கித்தார் செய்தவர்களின் வரலாற்றை இணையத்தில் எழுதுவதாகச் சொல்லி வீட்டுக்கு வந்தார். "யார்கிட்டயும் போய் நிக்கல தம்பி, எல்லாம் நம்ம ஒரே ஆளுதான் லா," என்றார் அப்பா. பிக்கப்புக்கு எத்தனை சுற்று என்று அந்தத் தம்பி கேட்டதும் அப்பாவின் பார்வை சமையலறைப் பக்கம் போனது.

"அது... ஒரு அளவாதான் சுத்துவோம்."

"எட்டாயிரம். நானூறு மிதி. சுத்துனது அம்மா," என்றேன் நான்.

"இப்ப எதுக்குடி அதெல்லாம்? தம்பிக்குத் தேத்தண்ணி ஆறுது," என்றார் அம்மா உள்ளிருந்து.

கட்டுரை வந்தது. 'தனியொருவராகக் கித்தார் செய்த கலைஞர்' என்று தலைப்பு. அம்மாவின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. போன் போட்டுத் திருத்தச் சொன்னேன். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துறேன் அக்கா," என்றார். அப்பா இன்றுவரை பதில் சொல்லவில்லை.

தையல் இயந்திரம் இப்போது இல்லை. வீடு மாறியபோது அப்பா அதைப் பழைய இரும்பு லோரியில் ஏற்றிவிட்டார். லயமும் இல்லை, கொட்டை போட்ட கிண்ணமும் இல்லை. எண்ணிக்கை தவறிவிடும் என்று சின்ன வயதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூட மாட்டேன். அந்தக் கித்தார்களின் சத்தத்தைச் செய்தவர் என் அம்மா, சரஸ்வதி. இதை எழுத நான் யாரிடமும் கேட்கவில்லை.