நெஞ்சுவலி வேடம்

புதிய மருத்துவப் பாடத்திட்டத்தில், நோயாளியிடம் பேசும் விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. அதற்காக எங்கள் கல்லூரித் தேர்வில், நாள்கூலிக்கு நோயாளியாக நடிக்க ஒரு அம்மா வந்தார். திருவாரூர்ப் பக்கம், நடவு வேலை செய்த ஒடிசலான உடம்பு. நெஞ்சுவலிதான் வேடம். முந்தானையைச் சுருட்டி இடது மார்பில் அழுத்திக்கொள்வார். அதை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

தேர்வு முடிந்து மாணவர்கள் போனபிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

"நெஜமாவே வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"வலிக்குதுன்னு சொன்னா அடுத்த பரீட்சைக்குக் கூப்பிடுவீங்களா சார்?"

"வாங்க, ஈசிஜி எடுத்துடலாம்."

"டாக்டர் நீங்களே நம்பிட்டீங்களே!" என்று சிரித்தபடி பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலைத் தாண்டியதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தோ, நான் பார்ப்பது தெரிந்தோ, கை மறுபடி மார்புக்குப் போயிற்று.