விளம்பரத்துக்குப் பிறகு வந்த பேய்

எங்கள் பெரியப்பா ஒருநாள் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்றை எடுத்தார். விளம்பரம் போகும்போது ரி.வி.யை நிறுத்திவைக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் பாயில் இருக்க, அவர் எழுந்து நின்று அறிவித்தார். யாரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை.

எங்கள் ஊர் நாவற்குடாவுக்குக் கரண்ட் வராத காலம் அது. எங்கள் கறுப்பு வெள்ளை ரி.வி. லொறி பற்றரியில் ஓடியது. பற்றரி இறங்கினால் சைக்கிள் கரியரில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்ற வேண்டும். மிதிப்பவர் பெரியப்பா. சவர்க்காரத்தையும் பால்மாவையும் காட்டுவதற்காகத் தன்னால் மிதிக்க முடியாது என்றார்.

நியாயம்தான். ஆனால் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு பேய் நாடகம் போனது...

கதவு கிரீச்சென்று திறக்கும். கதாநாயகி வாயைப் பிளப்பாள். உடனே விளம்பரம். பெரியப்பா நிறுத்துவார். ஒரு வாய் வெற்றிலை மென்று முடியும் நேரம்தான் இடைவேளை என்பது அவர் கணக்கு. மறுபடி போடும்போது கதாநாயகி கட்டிலில் படுத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள்.

பேய் நாடகத்தில் பேயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரு குடும்பம் பார்த்தது. இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பயம் மட்டும் குறையில்லாமல் வந்து சேர்ந்தது. பெரியப்பாவின் மகள் வசந்தி பொழுதுபட்டால் கிணற்றடிக்குத் தனியே போகமாட்டாள். துணைக்கு நான்.

"கடைசி வாரம் முகத்தக் காட்டுவாங்களாம் தம்பி. ஆள்தான் வேசம் போட்டிருக்கெண்டா, பிறகு நான் தனியப் போவன்."

என் விடுதலையும் அந்த முகத்தில்தான் இருந்தது.

கடைசி வாரம். கதாநாயகி பேயின் முக்காட்டைப் பிடித்தாள். விளம்பரம். பெரியப்பா எழுந்தார்.

"அப்பா, இண்டைக்கு மட்டும் விடுங்க."

"சவுக்காரம் பாக்கவாகா? இரி, வரும்."

"நீங்க வெத்திலை சப்பி முடியக்குள்ள போயிரும்."

"பேய் எங்ககா போகப்போகுது?"

போட்டபோது செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கதிரையை இழுத்துப்போட்டு அதை முழுதாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை வசந்தி பள்ளிக்கூடத்தில் விசாரித்தாள். எல்லார் வீட்டிலும் பற்றரிதான். எல்லார் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார். முகத்தைக் கண்டவர் ஒருவருமில்லை. வசந்தி கலியாணம் முடித்துப் போகும்வரை நான் கிணற்றடிக்கு நடந்தேன்.

இப்போது பிள்ளைகள் விளம்பரத்தை ஒரு விரலால் தள்ளிவிடுகிறார்கள். பேயை அப்படியே நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, மேக்கப் சரியில்லை என்கிறார்கள். அவர்களுக்குக் கிணற்றடியும் இல்லை...

போன வாரம் அந்த நாடகத்தை யூடியூபில் கண்டேன். கொழும்பில் யாரோ அந்தக் காலத்தில் வீட்டு வீடியோ டெக்கில் பதிவு செய்தது. கனடாவில் இருக்கும் வசந்திக்கு அழைத்தேன். இருவரும் ஒரே நேரத்தில் கடைசிப் பகுதியைப் போட்டோம்.

"வீட்டு லைட் எல்லாத்தையும் போட்டுட்டன்டா" என்றாள்.

கதாநாயகி முக்காட்டைப் பிடித்தாள்.

பதிவு செய்தவர் கசெற் வீணாகக்கூடாதென்று விளம்பரத்தில் டெக்கை நிறுத்தியிருக்கிறார். மறுபடி ஓடத் தொடங்கியபோது நடிகர்களின் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன.