எமெட்டின் காலடியில் நான்கு பாட்டில்கள்

வெர்லின் கோல்பெக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஷெபாய்கன் நகராட்சிக்காகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார். கோடையில் பூங்காக்களில் புல் வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கார் கொட்டகையில் பீர் காய்ச்சுவார். அவர் காய்ச்சுவது மூன்றே வகை: சோளம் சேர்த்த கிரீம் ஏல், வெளிர் மஞ்சள் பிளாண்ட் ஏல், கோதுமை பீர். மூன்றும் தொண்டையில் தடையில்லாமல் இறங்குபவை.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் அவரைக் கிண்டல் செய்யாத ஆளில்லை.

"வெர்லின், இதுல வாய் கொப்பளிக்கலாம்யா!" என்பார் அவருடைய நண்பர் டர்க்.

"புல்லு வெட்டி முடிச்சவன் ரெண்டாவது பாட்டில் கேக்கணும். உன்னுதைக் குடிச்சா முதல் பாட்டில்லயே கட்டிலத் தேடுறான்" என்பார் வெர்லின்.

அவர் அதிகம் பேச மாட்டார். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரம், தெருவில் வீடு வீடாகப் போய் கிரீம் ஏல் பாட்டில்களை நீட்டிவிட்டுத் தலையாட்டுவார். அதுதான் அவர் தெருக்காரர்களான எங்களிடம் பேசுகிற விதம்.

இந்த வருடமும் அப்படித்தான் கொடுத்தார். ஆனால் பாட்டில்களை நிரப்புவதற்கு முன் ஒரு காரியம் நடந்திருந்தது. பாட்டில் நிரப்புகிற அவருடைய ரப்பர் குழாயை டர்க் இரவல் வாங்கிப் போயிருந்தார். டர்க் காய்ச்சியது பெல்ஜிய வகை. அதில் போடுகிற ஈஸ்ட், மற்ற ஈஸ்ட்டுகள் தின்னாமல் விடுகிற சர்க்கரையையும் விடாமல் தின்னும். குழாயை வெந்நீரில் அலசித் திருப்பிக் கொடுத்தார். அதன் உட்புறத்தில் கொஞ்சம் ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. வெர்லின் அதே குழாயால் கிரீம் ஏலை நிரப்பி மூடி போட்டார்.

ஜூலை இரண்டாம் தேதி மதியம் கொட்டகையில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். வெர்லின் ஓடிப் போய்ப் பார்த்தார். ஒரு பாட்டில் இல்லை. அதன் கழுத்துத் துண்டு எதிர்ச்சுவரில் கண் உயரத்தில் குத்தி நின்றது. ஐந்து நிமிடத்துக்கு முன் அவருடைய மனைவி ஆர்லிஸ் அந்த இடத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். வெர்லின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வெடித்தது.

"ஆர்லிஸ்! உள்ள வராத! கதவச் சாத்து!"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மூடிய பாட்டிலுக்குள் டர்க்கின் ஈஸ்ட் இன்னும் சர்க்கரையைத் தின்று வாயுவை விட்டுக்கொண்டே இருக்கிறது. அது வெளியேற வழியில்லை. கொட்டகையைப் பூட்டிவிடலாம். தெருவுக்குக் கொடுத்ததை என்ன செய்வது?

பனிக்காலத்துத் தடித்த கோட்டு, கையுறை, ஐஸ் ஹாக்கி முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடினார். எதிர்வீட்டு ஹில்டா சிரித்தார்.

"என்ன வெர்லின், ஜூலையில பனி அள்ளப் போறியா?"

"பாட்டில் எங்க? தொடாத. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."

அவர் குரலைக் கேட்டதும் ஹில்டாவின் சிரிப்பு நின்றது.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான்தான் கதவைத் திறந்தேன்.

"டெல்லா, உங்களுக்குக் குடுத்த நாலு பாட்டில்?"

"அக்கா எடுத்துட்டுப் போயிட்டா. ஏரி வீட்டுக்கு. கிளம்பி ஒரு மணி நேரமாச்சு."

"வண்டியில எங்க வச்சா?"

அட்டைப்பெட்டியை வைத்தது அக்கா இல்லை, நான். பின்சீட்டில், அவளுடைய ஆறு வயது மகன் எமெட்டின் காலடியில். அவன் அதன் மேல் கால் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

சொன்னேன். வெர்லின் முகமூடியைக் கழற்றினார். டிரக்கை நோக்கி ஓடினார்.

அவருடைய டிரக்கில் நானும் ஏறினேன். அக்கா பிரிட்ஜெட்டின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வெளியே தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். சூடு ஏற ஏற ஈஸ்ட் வேகமாகத் தின்னும் என்று வெர்லின் ஒரே ஒரு முறை சொன்னார். அதன் பிறகு சாலையை மட்டும் பார்த்தார். பதினான்காவது முறை அக்கா எடுத்தாள்.

"என்னடி, விடாம அடிக்கிற? பெட்ரோல் போட்டுட்டிருக்கேன்."

"எமெட் எங்க?"

"பின்னாடி தூங்குறான். ஏன்?"

வெர்லின் ஃபோனைப் பிடுங்கினார். "பிரிட்ஜெட், நான் வெர்லின். நான் குடுத்த பாட்டில் வெடிக்கும். பெட்டியத் தொடாத, ஆட்டாத. போர்வை இருந்தா அது மேல மெல்லப் போடு. அப்புறம் புள்ளைய அடுத்த பக்கத்துக் கதவு வழியாத் தூக்கு. மெல்லம்மா, மெல்ல."

ஃபோனில் கதவு திறக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. எமெட் சிணுங்கினான்: "ம்மா, என் ஷூ..." பெல்ட் கொக்கி கிளிக் என்றது. பிறகு வெறும் மூச்சு, ஓடுகிற காலடி. வெர்லின் டிரக்கைச் சாலையோரம் நிறுத்திவிட்டிருந்தார்.

"கடைக்குள்ள வந்துட்டோம்" என்றாள் அக்கா.

நாங்கள் போய்ச் சேர ஐம்பது நிமிடமானது. பெட்ரோல் நிலையத்து ஆள் வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தான். "ரெண்டு வெடிச்சிருச்சு" என்றான். வெர்லின் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே குனிந்தார். மிச்சமிருந்த இரண்டையும் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, பின்னாலிருந்த காலி மனைக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தார். நுரை அவர் உயரத்துக்கு எழுந்தது.

திரும்பி வந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். போர்வை கிழிந்திருந்தது. எமெட்டின் இருக்கையில், அவன் வயிறு இருந்திருக்கும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு துண்டு பாதிக்கு மேல் புதைந்து நின்றது. வெர்லின் அதைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"அத எடுக்காதீங்க" என்றாள் அக்கா. எமெட்டை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. "இவன் அப்பாவக் கூப்பிட்டிருக்கேன். அவர் இத நேர்ல பாக்கணும்."

வெர்லின் கையை இழுத்துக்கொண்டார். தடித்த கோட்டோடு அந்த வெயிலில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார்.

"நானே இவன் அப்பன்கிட்ட சொல்றேன். அவன் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்" என்றார்.