ஆள் தெரியாமல் தைத்த மேயர் அங்கி

மரியான் அண்ணனின் தையல் கடை எங்கள் கோயில் தெருவில் இருக்கிறது. அவருடைய அப்பாவும் சித்தப்பாமாரும் கடலுக்குப் போனவர்கள். அண்ணனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினாலே குமட்டும். பதினாலு வயதில் தையல் மிஷினில் உட்கார்ந்தவர், ஆண்டவர் புண்ணியத்தில் முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கரையில் எந்தக் கோயிலில் சாமியார் பூசைக்கு நின்றாலும், அவர் உடுத்தியிருப்பது பெரும்பாலும் அண்ணன் தைத்த உடுப்பாகத்தான் இருக்கும். நான் அங்கே பட்டன் கட்டுகிறேன், ஓரம் அடிக்கிறேன்.

மாநகராட்சித் தேர்தல் முடிந்த வாரம், மேயர் அலுவலகத்திலிருந்து நல்லக்கண்ணு சார் கடைக்கு வந்தார். மேயர் பதவியேற்பில் போடும் பழைய அங்கி நைந்துபோய்விட்டதாம். மூன்று நாளில் புதிது வேண்டுமாம்.

“அளவு குடுங்க சார்” என்றார் அண்ணன்.

“ஆளே முடிவாகல அண்ணாச்சி, அளவுக்கு எங்க போக? வெள்ளிக்கிழமை காலையில கவுன்சிலர்மாரு ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுப்பாங்க. ஒரு மணி நேரத்துல பதவியேற்பு. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, மதுரையில வாடகைக்குக் கிடைக்கும்.”

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. “நம்மூரு மேயர் வாடகைத் துணியிலயா நிக்கணும்? நான் தைக்கேன்.”

சார் போனதும் அண்ணன் மனைவி விஜிலா மதினி பிடித்துக்கொண்டார். “முகந்தெரியாத ஆளுக்குச் சட்டையா? பனமரம் மாதிரி ஒருத்தர் வந்து நின்னா என்ன செய்வீங்க? தொளதொளன்னு நின்னா ஊரே சிரிக்கும். அப்புறம் எந்தச் சாமியார் உங்ககிட்ட துணி தருவாரு?”

“ஏளா, பூசை உடுப்பை இன்ன சாமிக்குன்னா தைக்கோம்? நெட்டைச் சாமியும் போடுதாரு, குட்டைச் சாமியும் போடுதாரு.”

சிலுவை போட்டுவிட்டு வெட்டத் தொடங்கினார். ஆறடி ஆளுக்குப் போதுமான நீளம். குட்டை ஆளின் அளவுக்கு விட்டு, மிச்சத்தைக் கீழேயும் பக்கவாட்டிலும் உள்பக்கமாக மடித்து, இழுத்தால் உருவி வருகிற மாதிரி பெரிய பெரிய ஓட்டுத் தையல் போடச் சொன்னார். பொன் சரிகையைக் கழுத்திலும் கையிலும் முன்பக்கத்திலும் வைத்தார். கீழ் ஓரத்தில் வைக்கவில்லை. வைத்தால் ஏற்றவோ இறக்கவோ முடியாது. கடைவீதியில் மூன்று பேர் பெயர் அடிபட்டது. மூன்று பேரும் ஆண்கள். மூன்று பேருடைய உயரத்தையும் அண்ணன் கண்ணாலேயே அளந்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை அங்கியை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணனும் மதினியும் நானும் போனோம். மன்றத்துக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. நல்லக்கண்ணு சார் ஓடி வந்தார்.

“உமாராணி அம்மா ஜெயிச்சாச்சு! சீக்கிரம் வாங்க!”

அந்த மூன்று பேரில் ஒருவரும் இல்லை. உப்பளத் தொழிலாளியின் மகள், முதல் முறை கவுன்சிலர், ஐந்தடிகூட இல்லாத பிள்ளை. போதாததற்கு ஏழு மாதக் கர்ப்பம்.

அண்ணன் அறைக்கு வெளியே நின்றுகொண்டார். பொம்பளைகள் நானும் மதினியும் மட்டும் உள்ளே போய் அங்கியைப் போட்டுவிட்டோம்.

“தரைக்கும் துணிக்கும் எத்தன விரக்கடை?” வெளியிலிருந்து அண்ணன் கேட்டார்.

“முன்னால ஆறு விரல் தூக்கிட்டு நிக்கி. பின்னால தரையில இழுபடுது” என்றார் மதினி அழாத குறையாக.

உடனே அண்ணன் குரல் வந்தது. “பயப்படாத. நம்ம பழைய பங்குச்சாமிக்குத் தொந்தி இருந்துச்சுல்லா, அதே கணக்குதான். முன்பக்கம் தையலை உருவி அஞ்சு விரல் இறக்கு. பின்பக்கம் மடிச்சு ஏத்து. பக்கவாட்டு மடிப்பையும் அவுத்துவிடு.”

உமாராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் சாமியாரு மாதிரியாக்கா இருக்கேன்?”

“அசையாம நில்லு தாயி, ஊசி குத்திரும்” என்றார் மதினி.

“நான் எங்க அசையுதேன்? உள்ள இருக்கதுதான் ஆட்டம் போடுது.”

“மேயர் பிள்ளைல்லா, ஆடத்தான் செய்யும்.”

மதினி முன்பக்கம் உருவ உருவ, நான் பின்பக்கம் தைத்தேன். மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே தைத்தேன். வெளியே நல்லக்கண்ணு சார் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷத்தில் முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு எழுந்தோம்.

அந்தப் பிள்ளை மேடைப் படி ஏறியபோது அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் முழங்காலிட்டார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, முன்னால் நின்றவர்களின் கால்களுக்கு நடுவே தலையைச் சாய்த்துக் கீழ் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் ஒரே நேர்கோடாக, தரையைத் தொடாமல் ஒரு விரல் மேலே நின்றது. அந்தப் பிள்ளையும் ராணி மாதிரிதான் நின்றது. உறுதிமொழியில் ஒரு வார்த்தைகூடத் தன் காதில் விழவில்லை என்று அண்ணன் பிறகு சொன்னார்.

மறுநாள் பேப்பரில் பெரிய போட்டோ வந்திருந்தது. சரிகை பளபளவென்று தெரிந்தது. ஆனால் இடுப்புவரைக்கும்தான் போட்டிருந்தார்கள். அந்தக் கீழ் ஓரத்தை எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆண்டவர் கவனித்திருப்பார்.