ஞாயிற்றுக்கிழமைப் படிக்கம்

மேலே போக வேண்டுமானால் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த அத்தனை பேரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வேலை தெரிந்தால் மட்டும் போதாது, நாலு பெரிய மனிதர்களுக்கு உன்னைத் தெரிந்திருக்க வேண்டும், அந்த நாலு பேரில் ஒருவர் உன் ஆபீஸ் பெரிய கிராணியாக இருக்க வேண்டும். இதைக் கேட்டுக் கேட்டு அய்யாக்கண்ணுவும் நம்பினான். நம்பினதில் தப்பில்லை. அதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. அவனுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

அவன் இருந்தது கொட்டைப்பாக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில். கடற்கரை ரோட்டில் சரக்குக் கிட்டங்கி. சுமத்ராவிலிருந்து பாக்கு தொங்காங் படகுகளில் வந்து இறங்கும். காய்ந்தது, நனைந்தது, புழுத்தது என்று பிரித்து, நிறுத்து, சாக்கில் தைத்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றுவார்கள். தராசுப் பக்கத்தில் நின்று நிறுவை எழுதும் சின்னக் கிராணிகளில் அவன் ஒருவன். மழைக்காலத்தில் ஊறிப்போன பாக்கின் நாற்றம் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும்.

வீடு என்று சொல்வதற்குத்தான் என்ன இருந்தது? டத்தோ கிராமாட் ரோட்டுப் பலகை வீடு ஒன்றில், சாக்குத் திரை தொங்கவிட்டு மறைத்த பாதி அறை. திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். வீட்டில் இருந்த மூன்று குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. மற்ற இரண்டு பெண்களும் சமைத்து முடிக்கும் வரைக்கும் அவன் மனைவி லெட்சுமி கழுவிய அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். ராத்திரி கணவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் காதோடு வாய் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், கம்பெனிக்கு இன்னொரு கிட்டங்கி இருந்தது. அங்கே கிராணியாக இருப்பவருக்குக் கம்பெனியே வீடு கொடுத்திருந்தது. தகரக் கூரை, இரண்டு அறை, தனி அடுப்படி. அந்த வீட்டைப் பற்றி அய்யாக்கண்ணு சொன்னபோது லெட்சுமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குங்களா?"

அங்கே இருந்த பழைய கிராணிக்கு வயதாகிவிட்டது, சீக்கிரமே ஊருக்குக் கப்பலேறிவிடுவார் என்று பேச்சு. அடுத்து யார் போவது என்பதைத் துரை தீர்மானிக்கப் போவதில்லை. துரைக்குச் சின்னக் கிராணிகளில் யார் எவர் என்றே தெரியாது. பெரிய கிராணி தங்கராஜு பிள்ளை ஒரு பெயரைச் சொன்னால் அதற்குக் கையெழுத்துப் போடுவார். ஆகவே பிடிக்க வேண்டிய ஆள் பிள்ளைதான்.

பிள்ளை ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் வீட்டு முன்கூடத்தில் சாய்வு நாற்காலி போட்டு உட்காருவார். மேலே போக ஆசைப்படும் கிராணிகள் ஐந்தாறு பேர் சுற்றிலும் பாயில் உட்காருவார்கள். யாரும் வரச் சொன்னதில்லை. வராமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் யாரும் சொன்னதில்லை. கிட்டங்கிக்கு வந்த பாக்கில் பொறுக்கி எடுத்த முதல் தரம் ஒரு டப்பா நிறைய அவர் பக்கத்தில் இருக்கும். வெற்றிலை, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. வாயை நிரப்பிக்கொண்டு கதை சொல்வார். ஒவ்வொரு வாரமும் அதே கதைதான். புயல் அடித்த ஒரு நாள் துரையின் தொப்பி கடலில் பறந்துவிட்டதாம். பிள்ளை தாமே தொங்காங்கிலிருந்து குதித்து அதை எடுத்து வந்தாராம். துரை அவர் தோளில் தட்டிக்கொடுத்தாராம்.

அய்யாக்கண்ணு முதல் முதலாகப் போன அன்று, கதை பாதியில் இருக்கும்போது பிள்ளையின் வாய் நிறைந்துவிட்டது. பேச முடியவில்லை. "ம்ம்" என்று ஒரு முனகல் மட்டும் வந்தது. கண்ணால் எதையோ தேடினார். துப்புகிற பித்தளைப் படிக்கம் அவருக்கு எட்டாத தூரத்தில், அய்யாக்கண்ணுவின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்து நீட்டினான். மரியாதைக்கு எவனும் அதைச் செய்வான். பிள்ளை துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "உன் பேர் என்ன தம்பி?" என்று கேட்டார். அதே கிட்டங்கியில் மூன்று வருஷமாக வேலை பார்த்தவனைப் பார்த்து முதல் தடவையாகப் பெயர் கேட்டார்.

அடுத்த ஞாயிறு படிக்கம் அவன் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தது.

அதன்பிறகு அது அவன் வேலையாகிவிட்டது. பிள்ளையின் கன்னம் எவ்வளவு உப்பினால் துப்பப் போகிறார் என்று அவனுக்குப் பழகிவிட்டது. "ம்ம்" என்பதற்கு முன்பே கை நீண்டுவிடும். படிக்கத்தை முகவாய்க்குக் கீழே, கொஞ்சம் சாய்த்து, ஆடாமல் பிடிக்க வேண்டும். பிள்ளைக்கு முன்பல் இரண்டு போய்விட்டதால் எச்சில் நேராக விழாது, சிதறும். மணிக்கட்டில் விழும். சட்டைக் கையில் விழும். வெதுவெதுப்பாக விழும். அதைத் துடைக்கக் கூடாது, துடைத்தால் அவமரியாதை. அவன் சிரித்த முகத்தோடு, துரையின் தொப்பி தண்ணீரில் மிதப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொப்பி கைக்குக் கிடைக்கும் இடத்தில் எல்லோரும் ஆச்சரியப்பட வேண்டும். கடைசியில் கொல்லைப்புறக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி வைக்க வேண்டும். அடியில் படிந்திருக்கும் சிவந்த சளியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். பிள்ளையின் மனைவி சின்னம்மா ஒரு தடவை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் பார்த்த பார்வையில் பரிதாபம் இல்லை. அசிங்கத்தைப் பார்த்தால் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் அவன் திரும்பி வந்ததும் லெட்சுமி சட்டையை வாங்கி, விரல் நுனியால் பிடித்துக்கொண்டு துவைக்கப் போவாள். வெற்றிலைக் கறை சீக்கிரம் போகாது. அவன் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசையும் தன் கையைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் மறுபடி கழுவிக்கொண்டு வருவான்.

ஆனால் பலன் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளை ஆபீசில் எல்லோர் முன்னாலும் அவனைத் தம்பி என்று கூப்பிட்டார். மற்றக் கிராணிகள் வழி விட்டார்கள். கார்த்திகேசு என்று ஒருவன், பாயில் எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவன், அவனைக் கண்டால் உர்ரென்று பார்த்தான். ஒருநாள் படிக்கத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துப் பார்த்தான். பிள்ளையே அதைக் கண்டுபிடித்து, இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். அன்று அய்யாக்கண்ணுவுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் பிற்பாடு அவனுக்கு வெட்கமாக இருந்தது.

தராசுப் பக்கத்தில் அவனோடு நின்றவன் அப்துல் ரசாக். நிறுவையில் கெட்டிக்காரன், வாய் அடங்காதவன். அவன் ஒரே ஒரு ஞாயிறுதான் பிள்ளை வீட்டுக்குப் போனான், அதுவும் தங்கை கல்யாணத்துக்கு அழைக்க. அன்றும் தொப்பிக் கதை நடந்தது. ரசாக் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஐயாவுக்கு நீச்சல் தெரியாதுன்னு இப்பதான் உள்ள அம்மா சொன்னாங்களே" என்றான். உள்ளே சின்னம்மா சிரித்த சத்தம் கூடத்துக்குக் கேட்டது. அன்றிலிருந்து பிள்ளைக்கு ரசாக் முகத்தைக் கண்டாலே ஆகாது. ரசாக் அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் அய்யாக்கண்ணுவின் சட்டைக் கையை ஒரு பார்வை பார்ப்பான்.

"அண்ணே, நேத்தும் மழையா?"

அய்யாக்கண்ணு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வான். இவன் ஒருநாளும் மேலே போகப் போவதில்லை என்று மட்டும் நினைத்துக்கொள்வான்.

பிறைக் கிராணி கப்பலேறும் நாள் முடிவானதும் அய்யாக்கண்ணு பிள்ளையிடம் வாய்விட்டே கேட்டான். பிள்ளை அவன் தோளில் கை வைத்து, பார்க்கலாம் என்றார். அவர் அப்படித் தோளில் கை வைத்தது வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. லெட்சுமி பாசார் சந்தையில் ஒரு புது மண்சட்டி வாங்கி வந்து, மற்றப் பெண்கள் கண்ணில் படாமல் சாமான் மூட்டைக்குள் சுற்றி வைத்தாள். புது அடுப்பில் ஏற்ற வேண்டுமாம்.

அடுத்த ஞாயிறு. பிள்ளை நல்ல குஷியில் இருந்தார். பாக்கை வெட்டிக்கொண்டே, ஏதோ சாதாரணமான செய்தி சொல்வதுபோல், பிறைக்கு ரசாக்கை அனுப்பச் சொல்லி நேற்றே துரையிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அய்யாக்கண்ணுவுக்கு முதலில் விளங்கவில்லை. "ஐயா, நான் கேட்டிருந்தேனே" என்றான்.

"கேட்டே தம்பி, நான் இல்லேன்னா சொன்னேன்? அந்தப் பய மூஞ்சியத் தெனம் தெனம் யாரு பார்க்கிறது? அக்கரைக்குப் போய்த் தொலையட்டும்லா." பிள்ளை வெற்றிலையை மடித்து வாயில் திணித்தார். "உன்னை அனுப்பிட்டு நான் என்ன செய்வேன், சொல்லு. ஞாயித்துக்கிழமை எனக்கு யாரு இருக்கா? இவனுங்களா? இவனுங்களுக்கு எப்ப நீட்டணும்னு தெரியுமா? நீ எனக்குப் புள்ள மாதிரி. இங்கேயே இருப்பா."

பொய் இல்லை, அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையான அன்போடுதான் சொன்னார். அதுதான் சகிக்க முடியாததாக இருந்தது. ஏமாற்றியிருந்தால் திட்டலாம். இந்த மனிதருக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. அவன் பாடுபட்டுத் தேடிய உறவு முழுக்க முழுக்கக் கைகூடியிருந்தது. அதனால்தான் வீடு போயிற்று. ஞாயிறுதோறும் வராமல், கதைக்குச் சிரிக்காமல், வேலையை மட்டும் பார்த்தவனுக்கு, வெறுப்பினாலேயே அது கிடைத்தது. பாயில் இருந்தவர்கள் பிள்ளையின் அன்பை மெச்சித் தலையாட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் கன்னம் உப்பியது. அய்யாக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனம் அங்கே இல்லை. ஆனால் அவன் வலது கை, யாரும் சொல்லாமல், தானாகவே படிக்கத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் அதைப் பார்த்தான். தன் கைதானா என்று பார்த்தான். இடது கையால் அதைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ம்ம்" என்றார் பிள்ளை.

அவன் அசையவில்லை. பிள்ளை வாய் நிறைந்து, கண் பிதுங்கி, இன்னொரு தடவை முனகினார். கூடத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் ஐந்து பேரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். ஐந்து கையும் ஒரே படிக்கத்தைப் பிடித்தன. படித்தவர்கள், வெள்ளைச் சட்டை போட்டவர்கள், வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளை அதட்டுகிறவர்கள். ஒருவன் இழுக்க ஒருவன் தள்ள, படிக்கம் கவிழ்ந்து, அதற்குள் இருந்ததெல்லாம் பாயில் ஓடிற்று. அதே சமயத்தில் பிள்ளைக்கும் தாங்கவில்லை. கார்த்திகேசு நீட்டிய வெறுங்கையிலேயே துப்பிவிட்டார். கார்த்திகேசு கையை எடுக்கவில்லை. குவித்தபடியே வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக நின்றான்.

அய்யாக்கண்ணு எழுந்து வெளியே வந்தான். ரோட்டோரச் சாக்கடையில் குனிந்து, காலையில் குடித்த காப்பியை எல்லாம் வாந்தி எடுத்தான்.

லெட்சுமி நடந்ததை முழுக்கக் கேட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் கேட்டால் கேட்கட்டும் என்று அவனும் குரலைத் தாழ்த்தாமலே சொன்னான்.

"இனிமே அங்க போவீங்களா?"

"போமாட்டேன்."

"போன மாசமே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் அவள். "அந்தச் சட்டையத் தொடவே எனக்குக் குமட்டும். வீடு கிடைக்கட்டும்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் அரிசி களையப் போனாள்.

அந்த வாரமே அவனைத் தராசிலிருந்து எடுத்து, புழுத்த பாக்குப் பிரிக்கும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். தம்பி என்று யாரும் கூப்பிடவில்லை. ரசாக் பிறைக்குப் புறப்படும் முன் கொட்டகைக்கு வந்தான். மழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கெலுகோரில் தன் மாமாவின் தென்னந்தோப்பில் ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசை காலியாக இருக்கிறது, ஒழுகும், வேலைக்கு வர ரொம்ப தூரம், ஆனால் தனி அடுப்பு இருக்கிறது என்றான். அய்யாக்கண்ணு அவனுக்கு ஒருநாளும் எந்த உபசாரமும் செய்ததில்லை. அதைச் சொல்லவும் செய்தான். "அதுக்கென்னண்ணே, நான் கேட்டேனா?" என்றான் ரசாக்.

குடிசைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அய்யாக்கண்ணு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி மாட்டினான். லெட்சுமி புதுச் சட்டியை ஏற்றினாள். பெரிய வேலைக்கு அவன் பிறகு ஒருநாளும் வரவில்லை. புழுத்த பாக்கோடுதான் கம்பெனிக் காலம் முழுக்கக் கழிந்தது. கார்த்திகேசுவும் மேலே போகவில்லை. பிள்ளை அவனையும் விட மனமில்லாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

கல்யாண வீடுகளில் வெற்றிலைத் தட்டு வந்தால் அய்யாக்கண்ணு எழுந்து வெளியே போய்விடுவான். போக முடியாமல் பந்திக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பக்கத்தில் யாராவது வாய் நிறைய அடைத்துக்கொண்டு "ம்ம்" என்றால், அவன் வலது கை இன்றைக்கும் லேசாக எழும்பும். அதை அவன் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.